வீல் போல்ட் முடுக்கும் முறை, கிரீஸ் போட வேண்டிய ஒரே இடம்

போன வருடம் திண்டிவனம் தாண்டி ஒரு பஞ்சர். ஜாக்கி இருந்தது, ஸ்டெப்னியில் காற்று இருந்தது, வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரும் இருந்தது, ஆனால் ஒரு போல்ட் கூட அசையவில்லை. இரண்டு மாதம் முன்னால் ஒரு டயர் கடையில் கன் (காற்றழுத்தத்தில் முடுக்கும் மெஷின்) வைத்து முடுக்கியது. கடைசியில் ஒரு லாரி டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி, தன் இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகிக் கழற்றிக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பியதும் டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டேன், அதாவது நாம் வைத்த முறுக்கு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் ஸ்பேனர்.

என்னுடையது ஃபோக்ஸ்வேகன் போலோ, அதனால் போல்ட். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா வண்டிகளில் ஹப்பிலிருந்து (வீல் போய் உட்காரும் நடுப்பாகம்) ஸ்டட் என்கிற மரை போட்ட கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் நட்டை முடுக்குவோம். முறை இரண்டுக்கும் ஒன்றுதான், முறுக்கின் அளவுதான் மாறும். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு). உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் அளவைப் போடாதீர்கள்.

முதலில் கிரீஸ் விஷயம், ஏனென்றால் நல்லது செய்வதாக நினைத்துத்தான் நிறையப் பேர் தடவுகிறார்கள். அடுத்த முறை கழற்றச் சுலபமாக இருக்கும், துரு பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கப் பயன்படுகிறது, மீதியெல்லாம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். கம்பெனி சொல்லும் அளவு பெரும்பாலும் சுத்தமான, காய்ந்த மரைக்கானது. அங்கே கிரீஸ் போட்டால் உராய்வு குறைந்து, ரெஞ்ச் அதே 120 காட்டும்போதே போல்ட் அதைவிட அதிகமாக இழுபடும், ஒரு கட்டத்துக்கு மேல் போல்ட் நீண்டுவிடும் அல்லது ஹப்பில் மரை போய்விடும். போல்ட்டை மாற்றுவது சின்னச் செலவு, ஹப்பை மாற்றுவது அப்படியில்லை. ஏற்கெனவே தடவிவிட்டீர்கள் என்றால், அதற்காகக் குத்துமதிப்பாக முறுக்கைக் குறைக்க வேண்டாம், பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து எடுத்துவிடுங்கள். துருவுக்கு மரையில் கம்பி பிரஷ் போதும்.

கிரீஸ் போட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஹப்பின் நடுவில் வட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் விளிம்பில்தான் அலாய் வீல் துருவோடு ஒட்டிக்கொள்கிறது, போல்ட் எல்லாம் எடுத்த பிறகும் வீல் வராமல் உதைக்க வேண்டி வருவது அதனால்தான். துருவைத் தேய்த்துவிட்டு அந்த விளிம்பில் மட்டும் காப்பர் கிரீஸை விரலால் மெல்லிசாகப் பூசுங்கள். ரிம் வந்து உட்காரும் தட்டையான முகத்திலும், போல்ட் தலை ரிம்மில் உட்காரும் இடத்திலும், பிரேக் டிஸ்க்கிலும் படவே கூடாது.

சரி, முடுக்குவது. வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வீலை மாட்டியதும் எல்லா போல்ட்டையும் கையாலேயே திருகுங்கள், ஸ்பேனர் வேண்டாம். கையால் ஏழெட்டுச் சுற்று தடையில்லாமல் போக வேண்டும், நடுவில் பிடித்தால் வெளியே எடுத்து மரையைப் பாருங்கள், மரை மாறி ஏறுவது இந்த இடத்தில்தான். போலோவின் கம்பெனி போல்ட்டுக்குத் தலைக்கு அடியில் உருண்டையாக இருக்கும், வெளியில் வாங்கும் அலாய்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ போல்ட் கேட்கும், இரண்டையும் மாற்றிப் போட்டால் எவ்வளவு முடுக்கினாலும் சரியாக உட்காராது.

அப்புறம் ஸ்பேனரால் லேசாகப் பிடிக்கும்வரை முடுக்கி, ஜாக்கியை இறக்கி, டயர் தரையில் ஊன்றியதும் டார்க் ரெஞ்சை எடுங்கள். ஐந்து போல்ட் என்றால் நட்சத்திரம் வரைகிற மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று, நான்கு என்றால் எதிர் எதிர். முதல் சுற்றில் 60, அடுத்த சுற்றில் 120. வேகமாகத் தள்ளாமல் ஒரே சீராக இழுங்கள், 'கிளிக்' கேட்டதும் நிறுத்துங்கள், இன்னொரு கிளிக் வேண்டாம்.

ரெஞ்ச் இல்லாமல் ரோட்டில் நிற்கிறீர்களா? 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 40 கிலோ எடைக்கு அழுத்தினால் 120 வந்துவிடும். 70 கிலோ ஆள் மேலே ஏறி நின்றால் 200ஐத் தாண்டும், ஆகவே ஏறி நிற்காதீர்கள். வீட்டுக்கு வந்து ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள், அப்போது ஒவ்வொரு போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி முடுக்க வேண்டும், இல்லையென்றால் அதிகமாக முடுக்கியது தெரியாது. டயர் கடையிலும் இதையே கேளுங்கள்: கன்னில் கடைசிவரை முடுக்காமல், கையால் டார்க் வைக்கச் சொல்லுங்கள்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வீல் ஆறியதும், ஒரு முறை திரும்பப் பாருங்கள். போல்ட் அசையாமலே கிளிக் வந்தால் சரி. ஒரு போல்ட் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திரும்பிக்கொண்டே இருந்தால் அதை மேலும் முடுக்காமல் கழற்றி, மரையையும் ரிம்மின் ஓட்டையையும் பாருங்கள். டார்க் ரெஞ்சைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தாதீர்கள், வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், ஸ்பிரிங் அழுத்தத்திலேயே கிடந்தால் அளவு தவறிவிடும்.