ஆட்டம் நடத்துபவருக்கே அலுத்துப்போனால்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாக ஆடும் பகடை விளையாட்டு. அதை நடத்துவது ஒரு கட்டத்தில் எனக்குப் பெரும் பாரமாகிவிட்டது. வரைபடம், அரக்கர்கள், ஊர்க்காரர்களின் பேச்சு எல்லாம் என் தலையில். ஆடுபவர்களோ தங்கள் மந்திரம் என்ன செய்யும் என்பதைக்கூட என்னைத்தான் கேட்பார்கள்.

முதலில், போன ஆட்டத்தின் கதைச்சுருக்கம் சொல்லும் வேலையை அவர்களிடம் தள்ளினேன். முறைவைத்து ஒருவர் சொல்ல வேண்டும், சொன்னவருக்கு இன்ஸ்பிரேஷன் என்ற பரிசு. ஆட்டத்தின் 2014 விதிகளின்படி அதைச் செலவழித்தால் 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆசைக்கே குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம், கேள்வி கேட்பது என் வேலையானது. "இந்த விடுதிக்காரிக்கு உன் மேல் என்ன கோபம்?" என்று திருடனாக ஆடும் நண்பனைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவள் தம்பியைக் காட்டிக்கொடுத்ததே நான்தான்" என்றான். அன்றைய ஆட்டம் முழுக்க அதிலேயே ஓடியது. நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய குகைக்குள் யாரும் இன்னும் போகவில்லை!

அடுத்து எங்கே போவது என்பதை ஆட்டம் முடியும்போதே முடிவுசெய்யச் சொல்கிறேன். அந்த இடத்தை மட்டும் ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். ஒருவன் மட்டும் இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சண்டை வந்தால்தான் நிமிர்வான். சரி, இருக்கட்டும். அவனுக்குச் சண்டை வைத்துவிடுகிறேன்.