வன்னிக்குப் போனால் ஏ9 வீதியை விட்டு இறங்குங்கள்

யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், இலங்கையின் வடக்கே உள்ள வன்னியை பஸ் கண்ணாடிக்குள்ளால் மட்டும் பார்க்கிறவர்கள்தான் அதிகம். ஒரு முறையாவது மாங்குளம் சந்தியில் இறங்கி, கிழக்கே முல்லைத்தீவு வீதியைப் பிடியுங்கள்.

வன்னியில் நல்ல இடம் தேட ஒரே வழி, குளத்தைத் தேடுவது. பழைய ஊர்கள் குளத்தை நம்பி எழுந்தவை. அதனால் கோயில், வயல், பெரிய மருதமரங்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கும். தேத்தண்ணிக் கடையில், "பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் "இங்க என்ன இருக்கு" என்பார்கள். "அண்ணை, குளக்கட்டுக்கு எப்பிடிப் போறது?" என்று கேளுங்கள். வழியும் வரும், ஊர்க்கதையும் வரும்.

இந்த வீதியில் ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில், அதற்குக் கிட்ட முத்தையன்கட்டுக் குளம். விடியக்காலையில் குளக்கட்டில் நின்றால் தோணிகள் மீனோடு கரைக்கு வருவதைப் பார்க்கலாம். எனக்கு கிளிநொச்சிப் பக்கத்துப் பெரிய குளமான இரணைமடுவை விட இந்த அமைதிதான் பிடிக்கும். இன்னும் போனால் நந்திக்கடலோரம் வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்கு அங்கே சனம் நிறைந்துவிடும். ஆறுதலாகக் கும்பிட வேறு மாதத்தில் போங்கள்.

பாலைப்பழக் காலமென்றால் வீதியோரத்தில் வாங்கிச் சாப்பிடாமல் வராதீர்கள்.

அப்புறம், இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பொழுதுபட்டால் காட்டுப் பாதையில் யானை வரும், வெளிச்சத்திலேயே திரும்பிவிடுங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட மிதிவெடிப் பலகை கண்டால் அந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாது.