இரண்டு நூலில் உலகம்: திருகோணமலைப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுப்பது எப்படி?

ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு உலகப் புவியியல் என்றதும் பலர் முதலில் செய்வது, ஏழு கண்டம், ஐந்து சமுத்திரம், இருபது தலைநகரம் என்று கொப்பியில் எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்வதுதான். பிள்ளையும் கடகடவென்று ஒப்புவிக்கும். தேசப்படத்தை விரித்து ஆபிரிக்காவைக் காட்டு என்றால் திருதிருவென்று முழிக்கும். அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வையுங்கள். பிள்ளை நிற்கிற இடம் திருகோணமலை, அங்கிருந்தே கிளம்புவோம்.

வேண்டிய சாமான்: உலக உருண்டை ஒன்று (சிறியது போதும், ஆனால் அகலக்கோடுகள் போட்டிருக்க வேண்டும்), நீல நூல், சிவப்பு நூல், செலோடேப், டோர்ச் லைட், பேனை, ஒரு தோடம்பழம்.

1. முதலில் திசை

விடியற்காலையில் உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் முன்னால் கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு, இடது கை வடக்கு, வலது கை தெற்கு. ஒரு நாள் சொன்னால் பிள்ளை மறக்காது, ஆனால் இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது: நம்முடைய பிள்ளைகள் 'கடல் இருக்கிற பக்கம்தான் கிழக்கு' என்று பிடித்துக்கொள்வார்கள். நகரம் ஒரு குடாநாட்டில் இருப்பதால் உள்துறைமுகம் நகரத்துக்கு மேற்கே கிடக்கிறது, ஆகவே அங்கே போய்த் தண்ணீரைப் பார்த்தபடி கிழக்கு என்றால் பிழை. திசைக்குச் சூரியனைத்தான் கேட்க வேண்டும். அதுவும் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச்சிலும் செப்டெம்பரிலும்தான். டிசம்பரில் தென்கிழக்குப் பக்கம் விலகியிருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம், சின்னவர்களுக்கு வேண்டாம்.

2. ஊர்ப் படம்

இது அரை மணி நேர வேலை. ஒரு தாளில் வீடு, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட், கோணேசர் கோவில் எல்லாம் போட்டு, வடக்கு மேலே வருகிற மாதிரி வரையச் சொல்லுங்கள். அளவு சரியாக வராது, பரவாயில்லை. மேலிருந்து பார்க்கிற பார்வை பழகினால் சரி.

3. உருண்டையில் நம்மைத் தேடுவது

மத்திய கோட்டைக் காட்டுங்கள். அதற்கு மேலே 10 பாகைக் கோடு இருக்கும். இலங்கையின் கிழக்குக் கரையில், அந்தப் 10 பாகைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் நாம்: மத்திய கோட்டிலிருந்து ஏறக்குறைய எட்டரைப் பாகை வடக்கு. ஒரு அகலக்கோட்டுப் பாகை சுமார் 111 கிலோமீற்றர் என்பதால், கிட்டத்தட்ட 950 கிலோமீற்றர் தெற்கே போனால் மத்திய கோடு. கணக்குப் பிடிக்கிற பிள்ளை என்றால் பெருக்கலை அதையே செய்யவிடுங்கள்.

4. நீல நூல்

புள்ளியிலிருந்து நேர் கிழக்கே, மத்திய கோட்டுக்குச் சமாந்தரமாக, உலகத்தைச் சுற்றி மறுபடி புள்ளிக்கே வருகிற மாதிரி நூலை ஒட்ட வேண்டும். இறுக்கி இழுத்தால் நூல் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும், அதனால் நாலைந்து விரல் அகலத்துக்கு ஒரு செலோடேப் துண்டு போடுங்கள். இனி விரலை நூலில் வைத்து மெதுவாக நகர்த்தச் சொல்லி, என்னென்ன வருகிறது என்று வாசிக்கவிடுங்கள்.

வங்காள விரிகுடா, நிக்கோபார் தீவுகள், தாய்லாந்தின் தென்பகுதி, பிலிப்பைன்ஸின் மின்டனாவோ. பிறகு பசுபிக். பிள்ளைக்கு அலுத்துப்போகும் அளவுக்கு வெறும் தண்ணீர், அந்த அலுப்பு வரத்தான் வேண்டும், உலகத்திலேயே பெரிய சமுத்திரம் அதுதானே. அப்புறம் பனாமா (அது வட அமெரிக்காவின் வால் பகுதி), கொலம்பியா, வெனிசுவேலா, அத்திலாந்திக் சமுத்திரம். அதைத் தாண்டினால் சியராலியோனின் தலைநகரம் ஃப்ரீடவுன், கிட்டத்தட்ட நம்முடைய அகலக்கோட்டிலேயே இருக்கிறது. ஆபிரிக்காவைக் குறுக்கே கடந்து எத்தியோப்பியா, சோமாலியா. மறுபடி இந்து சமுத்திரம், திருவனந்தபுரம், திருச்செந்தூர், மன்னார் வளைகுடா, வீடு. திருச்செந்தூரும் திருகோணமலையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் என்றதும் பக்கத்திலிருக்கிற அம்மம்மாவும் உருண்டையை எட்டிப் பார்ப்பார்!

5. சிவப்பு நூல்

இது வடக்கு தெற்காக. புள்ளியிலிருந்து நேர் வடக்கே போனால் கடல் தாண்டி ஆந்திராவின் மசூலிப்பட்டினம் பக்கம் கரை ஏறும். அங்கிருந்து இந்தியா, நேபாளம், திபெத், கசகஸ்தான், ரஷ்யா, ஆட்டிக் சமுத்திரம், வடதுருவம். அச்சுக்கம்பி இடிக்கும், நூலை அங்கே வெட்டி மறுபக்கம் தொடருங்கள்: கனடா, ஐக்கிய அமெரிக்கா, மெக்சிக்கோ. திருகோணமலையிலிருந்து தெற்கே போகிற பாதிதான் எனக்குப் பிடித்தது. இலங்கையின் கரையை விட்டதும் இந்து சமுத்திரம், தென் சமுத்திரம், பிறகு அந்தாட்டிக்கா. நடுவில் ஒரு துண்டு நிலம் கிடையாது.

இப்போது எண்ணச் சொல்லுங்கள். ஐந்து சமுத்திரமும் இரண்டு நூலுக்குள் வந்துவிட்டன. கண்டத்தில் ஆசியா, ஆபிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, அந்தாட்டிக்கா வந்தாயிற்று. விடுபட்டவை ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும் மட்டும், அவற்றைப் பிள்ளையே தேடட்டும்.

6. பகலும் இரவும்

அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் திருகோணமலைக்கு நேரே பிடியுங்கள். இங்கே நண்பகல். சிவப்பு நூலின் மறுபாதி ஓடுகிற மெக்சிக்கோப் பக்கம் நள்ளிரவு. உருண்டையைச் சுற்றும்போது மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்ற வேண்டும். பிள்ளைகள் இஷ்டத்துக்குச் சுற்றுவார்கள், விட்டுவிடாதீர்கள். சரியாகச் சுற்றினால் வெளிச்சம் முதலில் தாய்லாந்தைத் தொட்டு, பிறகுதான் நமக்கு வரும். அவுஸ்திரேலியாவில் நடக்கிற டெஸ்ட் மாட்சுக்கு ஏன் இங்கே விடியமுன் எழும்ப வேண்டும், நாம் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கோல் எடுத்தால் டொரொன்டோவில் இருக்கிற சித்தப்பா ஏன் 'குட் மோர்னிங்' சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் பிள்ளையிடமிருந்தே வரும்.

7. தோடம்பழம்

கடைசி வேலை. பழத்தின் மேல் பேனையால் கண்டங்களைக் குத்துமதிப்பாக வரைந்து, தோலை முடிந்தவரை ஒரே துண்டாக உரித்து மேசையில் தட்டையாக அழுத்துங்கள். கிழியும். கிழியாமல் தட்டையாக்க வேண்டுமென்றால் எங்கேயாவது இழுக்க வேண்டும், சுவரில் தொங்குகிற உலகப் படங்கள் பலவற்றில் துருவப் பக்கம் அப்படித்தான் இழுபட்டிருக்கிறது. அதனால்தான் அவற்றில் கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்குச் சமமாகத் தெரிகிறது. உண்மையில் ஆபிரிக்கா அதைவிடச் சுமார் 14 மடங்கு பெரியது. படத்தையும் உருண்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதிலே எந்த நாடு வீங்கியிருக்கிறது என்று தேடவிடுங்கள். ரஷ்யாவும் கனடாவும் சீக்கிரமே மாட்டிக்கொள்ளும்.