விக்கிப்பீடியாவில் இசைத்தொகுப்புக் கட்டுரை: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் ராமநாதபுரத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு நாள் விக்கிப்பீடியா பயிலரங்கு நடந்தது. பாம்பனில் இருந்து காலை பஸ்ஸிலேயே கிளம்பிப் போனேன். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் கையில் போன்தான். நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஒரு கட்டுரையை வளர்க்க வேண்டும் என்பது பயிற்சி. ஒரு குழு, லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் நான்காவது இசைத்தொகுப்பை எடுத்துக்கொண்டது. 1971 நவம்பரில் வந்த தொகுப்பு அது. இரவில் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு. அதனால் அவர்கள் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரத்தில், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வர ஆரம்பித்தன.

எழுத்துப் பிழை பாருங்கள், கையொப்பம் இடுங்கள், மணல்தொட்டியில் பழகுங்கள் என்பதெல்லாம் உதவிப் பக்கங்களிலேயே இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

பெயர் இல்லாத தொகுப்புக்குப் பெயர் வைப்பது

இந்தத் தொகுப்பின் அட்டையில் தலைப்பு கிடையாது, குழுவின் பெயரும் கிடையாது. ஆளுக்கொன்றாக இசைக்குழுவின் நான்கு பேரும் எடுத்துக்கொண்ட நான்கு சின்னங்களை உள்ளுறையில் அச்சிட்டார்கள். 'லெட் செப்பெலின் IV' என்பது மற்றவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர். கட்டுரைக்குத் தலைப்பாக அதை வைப்பது சரி. ஆனால் முதல் வரியிலேயே 'அதிகாரப்பூர்வத் தலைப்பு இல்லை' என்று சொல்லிவிட வேண்டும். மாணவர்கள் தலைப்பைத் தமிழாக்கம் செய்யலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். வாசகர் எந்தப் பெயரில் தேடுவாரோ அதுவே இருக்கட்டும்.

எந்த வெளியீடு என்று கேட்காமல் தேதி போடுவது

எங்கள் ஊரில் வந்து 'பாம்பன் பாலம் எப்போது கட்டினார்கள்' என்று கேட்டால், எந்தப் பாலம் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். பழைய ரயில் பாலம் 1914-இல் திறந்தது, ரோட்டுப் பாலம் 1988, புது ரயில் பாலம் 2025. இசைத்தொகுப்பும் அப்படித்தான். பதிவு செய்த மாதம் ஒன்று, முதலில் வெளிவந்த நாள் இன்னொன்று, ஒலியைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்ட நாள் வேறொன்று. இந்தத் தொகுப்பின் புதுப்பித்த பதிப்பு 2014 அக்டோபரில் வந்தது. பாட்டுக் கேட்கும் செயலியில் தெரிந்த தேதியைப் பார்த்து ஒரு மாணவர் அதையே, கட்டுரையின் ஓரத்தில் வரும் விவரப் பெட்டியான தகவற்சட்டத்தில் போட்டுவிட்டார். தகவற்சட்டத்தில் வர வேண்டியது முதல் வெளியீடு. மற்றவை கட்டுரையின் உள்ளே, அதற்கான பத்தியில்.

அடுத்தவரின் மேற்கோளுக்கு முன்னால் நம் வரியைச் செருகுவது

இதைத்தான் இன்று முழுதாகச் சொல்ல வேண்டும். மற்ற தவறுகளால் கட்டுரை கொஞ்சம் கெடும், யாராவது ஒரு நாள் சரி செய்துவிடுவார்கள். இந்தத் தவறால் ஒரு மனிதரை இழந்தோம். செய்தவன் நான்.

நடந்தது இதுதான். கட்டுரையில் ஒரு வாக்கியம் இருந்தது: 'ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் தங்கிக் குழுவினர் பாடல்களைப் பதிவு செய்தனர்.' வாக்கியம் முடிந்ததும் மேற்கோள் எண். அந்த எண்ணைத் தொட்டால் ஒரு புத்தகமும் பக்க எண்ணும் வரும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு பயனர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய வரி அது. நல்ல வரி, உண்மையான வரி.

நான் புதியவன். எனக்கு ஒரு விஷயம் தெரியும் என்று நினைத்தேன். சின்ன வயதில் ராமநாதபுரத்தில் காசெட் பதிவு செய்து தரும் கடையில் ஒரு அண்ணன் சொல்லியிருந்தார்: 'இந்தத் தொகுப்பு முழுக்க ஒரு பழைய வீட்டு மாடிப்படியில் பதிவு பண்ணினதுடா.' அந்த நினைவில் 'எட்டுப் பாடல்களும் இந்த வீட்டிலேயே பதிவானவை' என்று ஒரு வரி சேர்த்தேன். எங்கே சேர்த்தேன் என்பதைக் கவனியுங்கள். வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்கும் மேற்கோள் எண்ணுக்கும் நடுவில். போனில் திருத்தும்போது விரல் தானாக அங்கேதான் போய் நிற்கும், இயல்பாகத் தோன்றும் இடம் அதுதான். சேமித்ததும் பார்த்தால் என் வரியின் வாலில் அவருடைய மேற்கோள். படிப்பவருக்கு அந்தப் புத்தகமே அப்படிச் சொல்வதாகத் தெரியும்.

நான் சொன்னது தவறு. வேலை 1970 டிசம்பரில் லண்டனில், ஐலண்ட் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கியது. உலகமே அறிந்த 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடலின் அடிப்படைப் பதிவு அந்த லண்டன் கூடத்தில்தான் நடந்தது. மாடிப்படி கதையில் உண்மை இருக்கிறது, ஆனால் அது கடைசிப் பாடலான 'வென் த லெவி பிரேக்ஸ்' பாடலின் டிரம்ஸ் பற்றியது. ஜான் பான்ஹமின் டிரம்ஸை அந்த வீட்டின் கூடத்தில் வைத்து, மைக்குகளை மாடிப்படியின் மேலே கட்டிப் பதிவு செய்தார் ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். அந்த முழங்கும் ஒலி அப்படி வந்ததுதான். ஒரு பாடலின் ஒரு வாத்தியத்துக்கு உண்மையாக இருந்தது, வாய் மாறி வாய் மாறி முழுத் தொகுப்புக்கும் ஆகிவிட்டது. அதை நான் கலைக்களஞ்சியத்தில் ஏற்றிவிட்டேன்.

ஒன்றரை வருடம் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் அதே புத்தகத்தை வைத்திருந்த இன்னொருவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அங்கே அப்படி எதுவும் இல்லை. மேற்கோளைப் போட்டது யார் என்று பார்த்தால் யாழ்ப்பாணத்துப் பயனர். உரையாடல் பக்கத்தில் அவரிடம் கேட்டார்கள். 'நான் அவ்வாறு எழுதவில்லை' என்று அவர் பதில் போட்டார். புத்தகத்தில் இல்லாததை இருப்பதாகக் காட்டியிருக்கிறார் என்ற சந்தேகம் ஒரு முறை வந்துவிட்டால் எளிதில் போகாது. அவர் எழுதிய மற்றக் கட்டுரைகளின் மேல் எல்லாம் 'சரிபார்க்க வேண்டும்' என்ற எச்சரிக்கைப் பட்டை (வார்ப்புரு) ஏறியது. பல வருட உழைப்பு. நான் அப்போது வேலை காரணமாக இரண்டு மாதம் விக்கி பக்கமே வரவில்லை. திரும்பி வந்து, யார் செய்தது என்று கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் 'வரலாற்றைக் காட்டவும்' பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு மாற்றமாகப் பார்த்தேன். என் பயனர் பெயர் இருந்தது.

உடனே உரையாடல் பக்கத்தில் எழுதினேன், அவருடைய பேச்சுப் பக்கத்திலும் எழுதினேன். வார்ப்புருக்களை எடுத்தார்கள். ஆனால் அவர் அதற்குள் எழுதுவதை நிறுத்தியிருந்தார். என் செய்திக்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

விஷயம் அதோடும் முடியவில்லை. என் வரியை நான் நீக்கினேன். இரண்டு வாரத்தில் வேறொரு புதியவர் அதைத் திரும்பச் சேர்த்தார், இந்த முறை ஒரு மாத இதழை மேற்கோள் காட்டி. அந்த இதழின் கட்டுரையைத் தேடிப் படித்தேன். சொல்லுக்குச் சொல் என் வரி. விக்கிப்பீடியாவில் இருந்து அவர்கள் எடுத்திருக்கிறார்கள், இப்போது அது ஆதாரமாகித் திரும்பி வந்திருக்கிறது. நான் சேமித்த தேதியையும் இதழ் வந்த மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டித்தான் அதை நீக்க முடிந்தது.

பாம்பன் கரையில் ஏலத்துக்குக் கூறு போட்டு வைத்திருக்கும் மீனுக்குள், யாரும் பார்க்காத நேரத்தில் நம்முடைய நேற்றைய மீன் நாலைச் செருகினால் எப்படி? வாங்கிப் போனவர் கூறு போட்டவரைத்தான் திட்டுவார். இத்தனைக்கும் நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பயிலரங்கில் இதையே செய்யப் போன மாணவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் அவருடைய விரல் முற்றுப்புள்ளிக்கும் எண்ணுக்கும் நடுவில் போய் நின்றதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 'தம்பி, கையை எடு' என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. உங்கள் வரி, இருக்கும் மேற்கோள் எண்ணுக்குப் பின்னால் வரட்டும், அதற்கு அதன் சொந்த மேற்கோள் இருக்கட்டும். ஆதாரம் கையில் இல்லை, ஆனால் சரி என்று தோன்றுகிறது என்றால் உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள். யாரிடமாவது புத்தகம் இருக்கும். இருக்கும் வாக்கியத்துக்குள்ளேயே ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால், அந்த மேற்கோளைத் திறந்து படித்த பிறகு மாற்றுங்கள். 'சில பாடல்கள்' என்பதை 'எல்லாப் பாடல்கள்' என்று ஆக்குவதும் இதே தவறுதான். அப்புறம் தொகுப்புச் சுருக்கம், அதாவது சேமிக்கும்போது என்ன மாற்றினோம் என்று எழுதும் குறிப்பு. 'பதிவு இடம் பற்றி ஒரு வரி சேர்த்தேன்' என்று ஆறு சொல் நான் எழுதியிருந்தால், அந்த யாழ்ப்பாணத்துக்காரரைக் கேட்பதற்கு முன் என்னைக் கேட்டிருப்பார்கள்.

பாடல் வரிகளை முழுதாக எடுத்துப் போடுவது

காப்புரிமை உள்ள வரிகள். தமிழில் பெயர்த்துப் போட்டாலும் அதே கதைதான்.

அட்டைப் படத்தைப் பொதுவகத்தில் (விக்கியின் பொதுப் படக் களஞ்சியம்) ஏற்றுவது

அதற்கும் காப்புரிமை உண்டு, நீக்கிவிடுவார்கள்.

பிளாட்டினம் கணக்கு

'வெளியான ஆண்டிலேயே பிளாட்டினம் பெற்று உலகெங்கும் முதலிடம் பிடித்தது' என்று ஒருவர் எழுதினார். அமெரிக்காவில் பிளாட்டினம் சான்று கொடுக்கத் தொடங்கியதே 1976-இல். 1971-இல் தங்கச் சான்று மட்டும்தான். அமெரிக்காவில் ஒரு தொகுப்புக்குப் பிளாட்டினம் என்றால் விற்பனை 10 லட்சம், பிரிட்டனில் 3 லட்சம். எந்த நாடு என்று சொல்லாமல் 'பிளாட்டினம்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இடமும் அப்படித்தான்: இந்தத் தொகுப்பு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரைதான் போனது. இரண்டாம் இடம் என்று எழுதினால் தொகுப்பின் மதிப்பு குறையாது. ரசிகர் மன்றப் போஸ்டரில் எழுதுவதை இங்கே எழுத வேண்டாம்.

'ஒக்டோபர்' என்பதைத் திருத்துவது

தமிழ் விக்கிப்பீடியாவில் நாம் மட்டும் எழுதவில்லை. தனுஷ்கோடி முனையில் நின்றால் அந்தக் கரை எத்தனை பக்கம் என்று நமக்குத் தெரியும். அங்கே 'ரொக் இசை', 'ஒக்டோபர்' என்று எழுதுவார்கள், இங்கே 'ராக் இசை', 'அக்டோபர்'. இரண்டும் தமிழ்தான். கட்டுரையைத் தொடங்கியவர் எந்த வழக்கில் எழுதினாரோ அதிலேயே தொடருங்கள். ஸ, ஜ போன்ற எழுத்துகளை வைத்துக் கட்டுரைக்குக் கட்டுரை சண்டை போடுவதும் வேண்டாம். பேச வேண்டுமென்றால் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடி இருக்கிறது.

மொழிபெயர்ப்புக் கருவி தந்ததை அப்படியே சேமிப்பது

லீட் கிட்டார் 'ஈய கிட்டார்' என்று வந்தது. பாட்டின் நடுவில் வரும் பிரிட்ஜ் 'பாலம்' ஆகியிருந்தது. படித்துப் பார்க்காமல் சேமித்திருந்தார்கள்.

மேற்கோளின் தாய் வரியை நீக்குவது

ஒரே புத்தகத்தைப் பத்து இடத்தில் காட்டும்போது, ஓரிடத்தில் முழு விவரம் இருக்கும், மற்ற ஒன்பதில் அதன் பெயர் மட்டும் இருக்கும். அந்த ஓரிடத்தை நீக்கினால் கீழே சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும். அதைப் பார்த்துப் பயந்து மற்ற ஒன்பதையும் நீக்காதீர்கள். விவரத்தை இன்னோர் இடத்துக்கு மாற்றினால் போதும்.

நம் மனதில் பட்டதைக் கட்டுரைக்குள் வைப்பது

அந்தக் குழுவில் தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். 'வென் த லெவி பிரேக்ஸ்' பாடலுக்கு அவள் ஒரு பத்தி எழுதினாள். கரை உடைந்தால் தங்க இடமிருக்காது என்று பாடும் அந்தப் பாட்டு, 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதை நினைவூட்டுகிறது என்று எழுதியிருந்தாள். அவளுடைய பாட்டி அந்தப் புயலில் தப்பியவர். படித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் அதைக் கட்டுரையில் வைக்க முடியாது. அந்தப் பாட்டைத் தனுஷ்கோடியோடு சேர்த்து எந்த ஆய்வாளரும் எழுதியதாக ஆதாரம் இல்லாதவரை அது சொந்த ஆய்வு. நீக்கச் சொல்வது கஷ்டமாக இருந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னேன். அந்தப் பத்தியை அவளுடைய பெயரில் வேறெங்காவது கட்டாயம் எழுத வேண்டும் என்றும் சொன்னேன்.

பிறகு இருவரும் சேர்ந்து கட்டுரைக்கு உரியதை எடுத்தோம். அந்தப் பாட்டு லெட் செப்பெலின் முதலில் எழுதியது அல்ல. மிசிசிப்பி ஆற்றின் 1927 வெள்ளத்தைப் பற்றி, மெம்பிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929-இல் பதிவு செய்தது. தொகுப்பின் உறையில் குழுவினர் நால்வரோடு மின்னியின் பெயர் இருக்கிறது, மெக்காயின் பெயர் இல்லை. பாடல் பட்டியலில் உறையில் உள்ளபடியே போட்டோம், பத்தியில் முழு விவரத்தையும் சொன்னோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனித்தனி மேற்கோள், அவளே போட்டாள்.

எட்டில் ஒரு பாட்டு முடிந்திருக்கிறது. மீதி ஏழுக்கு அந்த நான்கு பேரும் உரையாடல் பக்கத்தில் ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பெயர் எழுதிப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடலை எடுத்தது, நான் சத்தம் போட்டேனே, அந்தத் தம்பி.