கிறிஸ்தவக் கல்லூரியில் பொறியியல்: எங்கே சறுக்குகிறார்கள்?

"ஒழுக்கமான காலேஜ், பிள்ளை கெட்டுப்போகாது" என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்த்துவிடுகிறார்கள். ஒழுக்கம் விடுதிக்கு உதவும். தெர்மோடைனமிக்ஸை நடத்த ஆள் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது.

துறையை விசாரிக்கப் போகிறவர்களும் அங்கீகார விஷயத்தில் ஏமாறுகிறார்கள். கல்லூரிக்குக் கிடைக்கும் அங்கீகாரம் வேறு, பொறியியல் படிப்புக்குக் கிடைப்பது வேறு. இரண்டாவது ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. ஒரே கட்டடத்தில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், நேற்றுத் தொடங்கிய பிரிவுக்கு இருக்காது. பிற நாடுகளில் பட்டத்துக்கு மதிப்பு வேண்டுமென்றால் உறுப்பு நாடுகள் ஒன்று அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்றவை ஏற்பதற்காக 1989இல் ஆறு நாடுகள் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இந்தியா அதில் 2014இல் முழு உறுப்பினரானது. அதிலும் கணக்கில் வருவது படிப்பின் அங்கீகாரம்தான். வாசலில் நிற்கும் நூறு வருட தேவாலயத்துக்கு அங்கே மார்க் இல்லை.

ஆய்வகத்தைப் பார்க்கும்போது இயந்திரத்தைவிட அதன் பக்கத்தில் கிடக்கும் பதிவேட்டைப் புரட்டுங்கள். இழுவிசை சோதனை இயந்திரம் பளபளவென்று இருக்கும். கடைசியாக மாணவர் கையெழுத்துப் போட்டு ஆறு மாதம் ஆகியிருக்கும்.

சிறிய கல்லூரிகளில் பலர் ஒரு வருடத்தையே இழப்பது பாட வரிசையைக் கவனிக்காததால்தான். கால்குலஸ் முடித்தால் ஸ்டேட்டிக்ஸ், அது முடிந்தால் டைனமிக்ஸ், பிறகு மெஷின் டிசைன். ஆசிரியர்கள் குறைவு என்பதால் ஸ்டேட்டிக்ஸை வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள். அதில் தவறினால், முன்பாடம் கட்டாயம் என்ற விதி உள்ள கல்லூரியில், பின்னால் இருக்கும் பாடங்கள் எல்லாம் தள்ளிப்போகும். முதல் வாரத்திலேயே நான்கு வருடப் பாடங்களையும் ஒரே தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துவிடுங்கள். மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் வேறு பல்கலைக்கழகத்தில் என்ற ஏற்பாட்டில் சேர்கிறவர்கள், அங்கே போக எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேதாகம வகுப்பைச் சும்மா வரும் மார்க் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பல இடங்களில் அது வாசிப்பும் கட்டுரையும் நிறைந்த பாடம். ஆய்வக அறிக்கைகள் குவியும் பருவத்தில் அதையும் சேர்த்து எடுக்காதீர்கள். சில கல்லூரிகளில் சேப்பல் (கல்லூரி ஆராதனை) வருகை கட்டாயம், நடத்தை விதிகளில் கையெழுத்தும் உண்டு. வேற்று மதத்தவரோ நம்பிக்கை இல்லாதவரோ, சேர்ந்த பிறகு சண்டை போடுவதைவிடக் கையெழுத்துக்கு முன் படித்துவிடுவது நல்லது.

கடைசியாக, எனக்குக் கோபம் வரும் ஒன்று: ஊழியம் என்ற பெயரில் செய்யும் இறுதியாண்டு புராஜெக்ட். பம்பு போட்டு, ஜெபித்து, படம் எடுத்துத் திரும்புவார்கள். வாஷர் தேய்ந்ததும் பம்பு நின்றுவிடும். மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் மிஷன் ஆட்களும் அடிபம்பில் கைவைத்தார்கள். ஆனால் உடைந்த பம்புகளைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். அந்த வழியில் 1970களில் வந்தது இந்தியா மார்க் 2 என்ற அடிபம்பு. அதிலும் வாஷரை மாற்ற, கிணற்றுக்குள் இறக்கிய குழாய்களை எல்லாம் மேலே தூக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த மார்க் 3இல் குழாயை அகலமாக்கினார்கள். வாஷர் இருக்கும் பிஸ்டனை மட்டும் உருவி எடுத்து, ஊர்க்காரர்களே வாஷர் மாற்றலாம். உங்கள் புராஜெக்ட் அறிக்கையில் அந்த வாஷரை மாற்றப்போவது யார், எந்த ஸ்பானரை வைத்து என்று ஒரு பக்கமாவது இருக்கட்டும்.