டாங்கி மாடல்: வினைல் டிராக்கைத் தொய்ய வைப்பது எப்படி?

1/35 அளவு (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) டைகர் I, டி-34 டாங்கி கிட்களில் வரும் வினைல் டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை), மாட்டியதும் சக்கரங்களுக்கு மேலே விறைப்பாக நிற்கும். நிஜ வண்டியில் அப்படி இருக்காது. இரண்டிலுமே டிராக்கை மேலே தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. கனமான எஃகுப் பட்டை தொய்ந்து சக்கரங்களின் மேலேயே படுத்துக் கிடக்கும். அந்தக் கனம் தெரியாவிட்டால் எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும் பொம்மை மாதிரிதான் இருக்கும்.

உடலின் மேல் பாதியை ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். சக்கர உச்சியிலிருந்து டிராக்கின் தடிமன் அளவு மேலே, பக்கச் சுவரில் பின் வைஸால் (கையால் சுழற்றும் சிறு துளைக் கருவி) துளை போட்டு, பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி சூப்பர் குளூ வையுங்கள். கம்பி டிராக்கின் அகலத்தில் பாதி நீண்டால் போதும். டிராக்கைக் கம்பிக்கு அடியில் நுழைத்தால் சக்கரத்தின் மேல் அழுந்தி உட்காரும். அப்புறம் கம்பிக்கும் கறுப்புப் பெயின்ட். மீதியை மேல் பாதியின் நிழல் மறைத்துவிடும்.

டிராக்கைச் சக்கரத்தோடு ஒட்டுவதானாலும் சூப்பர் குளூதான். பழைய கிட்களின் வினைலில் பிளாஸ்டிக் சிமென்ட் (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) பிடிக்காது.

ஷெர்மன் டாங்கிக்கு இது வேண்டாம். அதற்கு மேலே உருளைகள் உண்டு, டிராக்கும் இறுக்கமாகவே ஓடும்.