கடைசிப் பக்கத்துக்கு ஓடாதீர்கள்: சஸ்பென்ஸ் நாவல் வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அங்கே எடுத்துவந்த ஒரு துப்பறியும் நாவலைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே யாரோ பென்சிலால் ஒரு பெயரை எழுதி, கீழே கோடு போட்டு, "இவன்தான்" என்று குறித்திருந்தார்கள். கோபத்தோடு திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்கார அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "வாடகை வேண்டாம் தம்பி, சும்மா எடுத்துட்டுப் போய்ப் படிச்சுப் பாரு" என்றார். அரைமனதோடு படித்தேன். அந்த ஆள் கதைக்குள் வரும் ஒவ்வொரு முறையும் என் கண் அவன் மேலேயே இருந்தது. இறந்தவரின் மனைவிக்குக் காபி வாங்கி வருகிறான். இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறான். நேராகக் கேட்ட கேள்விக்கு, பொய் சொல்லாமல், வேறொன்றைச் சொல்லி நழுவுகிறான். ஒரு எழுத்தாளர் எப்படி ஒளிக்கிறார் என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தப் புத்தகத்தில்தான்.

சஸ்பென்ஸ் நாவலை நம்மில் பலர் விடுகதை மாதிரி படிக்கிறோம். விடை ஒன்று இருக்கிறது, அது கடைசியில் இருக்கிறது, சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம்.

மேசைக்கு அடியில் குண்டு

சஸ்பென்ஸ் என்றால் என்ன என்பதைத் திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் தெளிவாக விளக்கியிருக்கிறார். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று அடியில் இருந்த குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே காட்சியில் குண்டு இருப்பதும், அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் முன்பே நமக்குத் தெரிந்திருந்தால்? சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டுகிறது. அவர்கள் ஏதோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அதே பேச்சு பதினைந்து நிமிடம் நம்மை நெளியவைக்கும். முதலாவது அதிர்ச்சி, இரண்டாவதுதான் சஸ்பென்ஸ். தெரியாமல் இருப்பதை விடத் தெரிந்திருப்பதால் வருகிற தவிப்பு பெரியது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் நாவல் ஃப்ரெடரிக் ஃபோர்சித் எழுதி 1971-இல் வெளியான 'தி டே ஆஃப் தி ஜக்கால்'. பிரெஞ்சு அதிபர் டி காலைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளியை அமர்த்துகிறார்கள். டி கால் சுட்டுக் கொல்லப்படவில்லை, 1970 நவம்பரில் தன் வீட்டில் இயற்கையாக இறந்தார் என்பது அன்றைக்குச் செய்தித்தாள் படித்த எல்லோருக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையை யார் வாங்குவார்கள் என்று பதிப்பகங்கள் தயங்கின. ஆனால் புத்தகம் உலகம் முழுவதும் விற்றது.

ஏன் என்று அந்த நாவலின் நடுப்பகுதியில் தெரியும். கொலையாளியைப் பிடிக்க பாரிஸில் இரவுதோறும் ரகசியக் கூட்டம் நடக்கிறது. அங்கே பேசப்படுவது எப்படியோ வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. கசிகிறது என்பது வாசகருக்குத் தெரியும், தேடுகிற அதிகாரிக்குத் தெரியாது. அவர் ஒவ்வொரு தடயமாகக் கண்டுபிடித்து நம்பிக்கையோடு கூட்டத்தில் சொல்லும்போது, சொல்லாதீர்கள் என்று கத்தத் தோன்றும். டி கால் பிழைப்பார் என்று தெரிந்தும் அப்படித் தோன்றும்.

அதனால் "யார் செய்தது" என்பதோடு நின்றுவிடாதீர்கள். இந்த நிமிடத்தில் ஓடுகிறவனுக்கு என்ன தெரியும், துரத்துகிறவருக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும்? ஒரு அத்தியாயம் முடிந்ததும் இந்த மூன்றையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கதையின் இழுவிசை எங்கிருந்து வருகிறது என்பது கைக்குப் பிடிபடும்.

முடிவு முன்பே தெரிவது பற்றி ஓர் ஆய்வும் உண்டு. 2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். பின்னால் வந்த வேறு ஆய்வுகள் இதற்கு மாறாகவும் கண்டிருக்கின்றன. ஆகவே யாராவது முடிவைச் சொல்லிவிட்டால் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அடுத்தவருக்கு நீங்கள் சொல்லாதீர்கள். முடிவு தெரியாமல் படிக்கும் அனுபவம் ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதை இன்னொருவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை. எனக்கு அது நல்லதாக முடிந்தது என்பதற்காக அந்தப் பென்சில்காரர் செய்ததை இன்றைக்கும் நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

"போரடிக்குது" என்று தாண்டும் பக்கங்கள்

அடுத்த பெரிய தவறு இது. வர்ணனை வந்தால் தாண்டுவது, உரையாடல் வந்தால் மட்டும் நிற்பது. குடும்பக் கதையில் இப்படிப் படித்தாலும் ஓரளவு தப்பித்துவிடலாம். சஸ்பென்ஸ் நாவலில் முடியாது. எழுத்தாளர் எதையாவது ஒளிக்க வேண்டுமென்றால், நீங்கள் தாண்டப்போகும் இடத்தில்தான் ஒளிப்பார். ஒரு அறையில் இருக்கும் பொருட்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது முதல் பொருளும் கடைசிப் பொருளும் நமக்கு நினைவில் நிற்கும். நடுவில் இருப்பது நழுவும். தடயம் பெரும்பாலும் அந்த நடுவில் கிடக்கும். துப்பறியும் நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி இதில் கைதேர்ந்தவர்.

ஃபோர்சித்தின் நாவலில் முதல் பாதி முழுக்க ஏற்பாடுகள்தான். இறந்துபோன குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வைத்து வேறொரு பெயரில் பாஸ்போர்ட் வாங்குவது, பிரஸ்ஸல்ஸில் துப்பாக்கி செய்பவரிடம் அளவுகளைச் சொல்லி விளக்குவது, ஆள் இல்லாத காட்டில் ஒரு முலாம்பழத்தைத் தலை மாதிரி மரத்தில் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்ப்பது. அவசரப்படுகிறவர்கள் இதைத் தாண்டிவிட்டுத் துரத்தல் எப்போது வரும் என்று தேடுவார்கள். ஆனால் அந்த ஏற்பாடுகளைப் பொறுமையாகப் படித்தவருக்குத்தான் பிற்பாதியில் அவனுடைய ஒவ்வொரு பொருளும் ஒரு அபாயமாகத் தெரியும். அந்தத் துப்பாக்கி எந்த உருவத்தில் எல்லையைத் தாண்டுகிறது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. தாண்டிப் படித்தவர்கள் அந்த இடத்தில் வெறுமனே தலையாட்டுவார்கள், மற்றவர்களுக்கு மயிர்க்கூச்செறியும்.

நம் ராஜேஷ்குமார் நாவல்களில் இதே தவறு வேறு வடிவில் நடக்கும். அவருடைய பல நாவல்களில் இரண்டு கதைகள் அத்தியாயம் விட்டு அத்தியாயம் மாறி மாறி ஓடி, கடைசியில் ஒன்றாகச் சேரும். பிடித்த டிராக்கை மட்டும் படித்துக்கொண்டு மற்ற அத்தியாயங்களைப் புரட்டிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். இரண்டு கோடுகளும் எங்கே தொடும் என்று இடையிடையே ஊகிப்பதுதான் அந்த அமைப்பு தரும் சுகம். அதைப் பாதியில் கைவிட்டுவிட்டு "கடைசியில் திடீரென்று முடித்துவிட்டார்" என்று குறை சொல்வது நியாயமில்லை.

பெயர்க் குழப்பம்

வெளிநாட்டு உளவு நாவல்களைப் பாதியில் மூடிவைப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் பெயர்கள். ஒரே ஆளை மனைவி ஒரு பெயரிலும், அலுவலகம் குடும்பப் பெயரிலும், கோப்பு ரகசியப் பெயரிலும் குறிப்பிடும். இருபது பக்கத்துக்குள் மூன்று பேர் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒரு தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, பெயர், வேலை, யாருக்கு யார் என்று ஒரு வரி எழுதிவந்தால் போதும். அந்தத் தாளே பக்க அடையாளமும் ஆகிவிடும். இணையத்தில் பெயரைத் தேடாதீர்கள். தேடல் பெட்டியில் பெயரைத் தட்டி முடிப்பதற்குள் அந்த ஆள் எப்படிச் செத்தான் என்பது கீழே வந்து நிற்கும்.

துறைச் சொற்கள் புரியவில்லை என்று மனம் தளரவும் வேண்டாம். ஜான் லெ காரே என்ற புனைபெயரில் எழுதிய டேவிட் கார்ன்வெல் பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர். ஆனாலும் அவருடைய நாவல்களில் உளவுத்துறைத் தலைமையகத்தை 'சர்க்கஸ்' என்று சொல்வது உட்பட, பல குழூஉக்குறிகள் அவரே உண்டாக்கியவை. ஆங்கிலேய வாசகருக்கும் முதல் ஐம்பது பக்கம் அதே மூட்டம்தான். அந்த மூட்டத்துக்குள் நடக்கவைப்பது அவருடைய நோக்கம்.

எல்லாரையும் நம்புவதும், எல்லாரையும் சந்தேகப்படுவதும்

புதிதாகப் படிப்பவர் கதைசொல்லி சொல்வதையெல்லாம் நம்புவார். நூறு நாவல் படித்தவர் யாரையும் நம்பமாட்டார், "ரொம்ப நல்லவனாக இருக்கிறான், இவன்தான்" என்று பத்தாவது பக்கத்தில் தீர்ப்பு எழுதிவிடுவார். இரண்டுமே புத்தகத்துக்கு வெளியே நின்று படிப்பது. இரண்டாவது தவறு இன்னும் மோசமானது என்பேன், ஏனென்றால் அவர் வாக்கியங்களைப் படிப்பதே இல்லை.

1926-இல் அகதா கிறிஸ்டியின் ஒரு நாவல் வந்தபோது, அவர் வாசகரை நியாயமில்லாமல் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் கொதித்தார்கள். பெயரைச் சொன்னால் படிக்காதவருக்குத் துரோகம், அதனால் விட்டுவிடுகிறேன். முடித்த பிறகு திரும்பிப் போய்த் தேடினால் நம்மைத் தவறான வழியில் அனுப்பிய இடங்களிலும் நேர்ப் பொய் இருக்காது. சொல்லாமல் விட்டது இருக்கும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கடந்தது என்று கேட்கப் பழகுங்கள். நல்ல எழுத்தாளர் அந்த இடைவெளிக்குள் ஒரு கொலையையே வைத்துவிடுவார்.

நாவலை வரலாறாக எடுத்துக்கொள்வது

இந்தத் தவறைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு, ஏனென்றால் இது புத்தகத்தோடு நிற்பதில்லை. டான் பிரவுனின் 'தி டா வின்சி கோட்' 2003-இல் வந்தது. கதை தொடங்குவதற்கு முன்பே, 1099-இல் தொடங்கிய ஒரு ரகசியச் சங்கம் உண்மையிலேயே இருக்கிறது என்று 'உண்மை' என்ற தலைப்பில் அச்சிட்டிருந்தார்கள். அந்தச் சங்கம் 1956-இல் பிரான்ஸில் பியர் பிளாண்டார் என்பவரும் அவர் நண்பர்களும் பதிவு செய்தது. பழம்பெருமை காட்டும் ஆவணங்கள் பின்னர் போலியாகத் தயாரிக்கப்பட்டு பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்டவை. இன்றும் அந்தக் கதையை வரலாறு என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். முன்னுரையும் ஆவணமும் அடிக்குறிப்பும் கதையின் ஒப்பனையாக இருக்கலாம்.

ஃபோர்சித் உண்மையையும் கற்பனையையும் தைத்திருக்கும் இடத்தை இதோடு ஒப்பிடுங்கள். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸின் புறநகரான பெத்தி கிளமாரில் டி காலின் கார் மீது நடந்த துப்பாக்கிச் சூடு உண்மை. அதற்குத் தலைமை தாங்கிய பாஸ்தியன் திரி 1963 மார்ச் 11 அன்று சுட்டுக்கொல்லப்பட்டதும் உண்மை. அந்த மரண தண்டனையோடுதான் நாவல் தொடங்குகிறது. அதன் பிறகு வரும் கூலிக் கொலையாளி முழுக் கற்பனை. தையல் எங்கே விழுந்திருக்கிறது என்று படித்து முடித்தபின் தேடிப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

சில நேரம் இது தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1943-இல் பிரிட்டிஷார் ஒரு பிணத்துக்கு ராணுவ அதிகாரி உடை அணிவித்து, கையில் போலிக் கடிதங்களோடு ஸ்பெயின் கடற்கரை அருகே மிதக்கவிட்டார்கள். நேச நாடுகள் இறங்கப்போவது கிரேக்கத்திலும் சார்டினியாவிலும் என்று ஜெர்மானியரை நம்பவைத்துவிட்டு, ஜூலை 10 அன்று சிசிலியில் இறங்கினார்கள். பிணத்தை வைத்து ஏமாற்றும் யோசனை 1939-லேயே பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையின் குறிப்பு ஒன்றில் இருந்தது. பேசில் தாம்சன் எழுதிய ஒரு துப்பறியும் நாவலிலிருந்து எடுத்தது என்று அந்தக் குறிப்பே சொல்கிறது.

இன்னும் சில

வரிசையைப் பாருங்கள். ஸ்மைலி என்ற உளவு அதிகாரி வரும் லெ காரேயின் மூன்று நாவல்களை 1974, 1977, 1979 என்று வந்த வரிசையில் படிக்க வேண்டும். மூன்றாவதை முதலில் எடுத்தால் முதல் நாவலின் துரோகி யார் என்பது போய்விடும். துப்பறிவாளர் பொய்ரோ வரும் கிறிஸ்டியின் நாவல்களை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் 'டம்ப் விட்னஸ்' மட்டும் பின்னால் இருக்கட்டும். முந்தைய நான்கு நாவல்களின் கொலையாளிகளை அதில் பொய்ரோவே போகிற போக்கில் பெயர் சொல்லிவிடுகிறார். பின்னட்டையையும் முழுதாகப் படிக்காதீர்கள்.

இரவு இரண்டு மணிவரை விடாமல் படித்துக் கடைசி நூறு பக்கத்தைத் தூக்கக் கலக்கத்தில் விழுங்குவது எல்லோரும் செய்வது. அத்தியாய முடிவில் நிறுத்தலாம் என்று நினைப்பதால்தான் நிறுத்த முடிவதில்லை. சுஜாதாவின் 'நைலான் கயிறு' போல வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவற்றில், 'தொடரும்' போடும் இடம் ஒரு வாரம் நம்மை ஏங்கவைப்பதற்காகவே செதுக்கப்பட்டது. அடுத்த அத்தியாயத்துக்குள் இரண்டு பக்கம் போய், முடிச்சு சற்றுத் தளர்ந்த இடத்தில் மூடி வையுங்கள். தூக்கம் வரும்.

முடித்த அன்றே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள், பதினைந்து நிமிடம் ஆகும். அன்றைக்கு அந்த நாவலை முடித்துவிட்டு நான் அப்படித்தான் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். பென்சில் எழுத்துக்கு நாலு வரி கீழே, இழவு வீட்டு வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு அவன் நின்றிருந்தான்.